கேட்டால் சொல்லும் திரை

‘பேட்டில் ஃபார் வெஸ்னாத்’ ஆட்டத்தை ஆசையோடு தொடங்கி, இரண்டு மாலைகள் முயன்று பார்த்து, மூன்றாம் மாலை மனம் கசந்து கைவிட்டவர்கள் சிலரை நான் அறிவேன். அவர்களிடம் காரணம் விசாரித்தால், எதிரி வலியவனாக இருந்தான் என்று சொல்பவர் அரிது. போகச் சொன்ன இடம் ஒன்று, வீரன் போய் நின்ற இடம் வேறு என்றும், வில்லால் அடிக்க வேண்டியவன் வாளை எடுத்துக்கொண்டு ஓடினான் என்றும், செய்ததைத் திருத்த முயன்றால் திரை இடம் கொடுக்கவில்லை என்றும், அடித்த நான்கு அடியும் வீணாகப் போயிற்று என்றுமே சொல்லுவார்கள். இக்குறைகள் பொய்யல்ல, தொடக்கத்தில் நானும் இவற்றையெல்லாம் அனுபவித்தவன்தான். ஆயினும் பல வருஷங்கள் இதனோடு பழகிய பின்னர் எனக்கு ஏற்பட்டிருக்கும் அபிப்பிராயம் என்னவென்றால், இந்த ஆட்டத்தின் திரை எதையும் மறைத்து வைப்பதில்லை. ஆனால் கேட்காமல் தானாக எதையும் சொல்வதுமில்லை. எதை, எப்போது, எங்கே கேட்க வேண்டும் என்று கற்றுக்கொள்வதும், போர்த் தந்திரத்தைக் கற்றுக்கொள்வதும் இங்கே ஒரே வித்தைதான். அந்த வித்தையை இயன்ற அளவு விளக்குவதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

டேவிட் ஒயிட் என்பவர் 2003-ஆம் ஆண்டில் முதன்முதலாக வெளியிட்ட ஆட்டம் இது. ஸேகாவின் பழைய ஆட்டப்பெட்டியில் விளையாடப்பட்ட ‘மாஸ்டர் ஆஃப் மான்ஸ்டர்ஸ்’, ‘வார்சாங்’ என்னும் இரண்டும் அவருக்குத் தூண்டுகோலாக இருந்தன. மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம் என்னும் பொது உரிமத்தோடு வந்தபடியால், ஓவியர்களும் இசைஞர்களும் கதாசிரியர்களும் நிரலாளர்களும் பல தேசங்களிலிருந்து தாமாக முன்வந்து அதை வளர்த்தார்கள். 2018-இல் ஸ்டீம் அங்காடிக்கு வந்தபோதும் அது விலையின்றியே வந்தது. இந்தச் சரித்திரத்தை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. தலைமுறை தலைமுறையாக ஒவ்வொருவரும் ஓர் அறையைச் சேர்த்துக் கட்டிய பழைய வீட்டைப் போன்றது இதன் இடைமுகம். வேண்டிய அறைகள் எல்லாம் உண்டு. எந்த அறைக்கு எந்தத் தாழ்வாரத்தின் வழியாகப் போவது என்பதைக் குடியிருந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிலத்தைப் பற்றிய கேள்வியிலிருந்து தொடங்குவோம். ஆடுகளம் முழுவதும் அறுகோணக் கட்டங்களால் ஆனது. ஒவ்வொரு கட்டமும் புல்வெளியாகவோ, காடாகவோ, குன்றாகவோ, மலையாகவோ, ஆறாகவோ, சதுப்பாகவோ, கிராமமாகவோ, கோட்டையாகவோ இருக்கும். ஒரு வீரனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு, அவனை நகர்த்தாமல், சுட்டியை மட்டும் ஏதேனும் ஒரு கட்டத்தின்மேல் கொண்டுபோய் நிறுத்தினால், அங்கே ஒரு சதவீதம் தோன்றும். அந்த வீரன் அந்தக் கட்டத்தில் நின்றால், அவன்மேல் விழும் அடி நூற்றுக்கு எத்தனை தடவை தவறும் என்பதே அந்த எண்ணின் பொருள். புதியவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதேயில்லை. கவனித்தாலும், எவ்வளவு தூரம் போகலாம் என்பதிலேயே கண் வைத்திருப்பார்கள். ஆனால் இந்த ஆட்டத்தின் ஜீவநாடி அந்த எண்ணில்தான் இருக்கிறது. காட்டில் நிற்கும் எல்ஃப் வீரனுக்கு அது 60 முதல் 70 வரை. அதே காட்டுக்குள் நுழையும் குதிரைவீரனுக்கு 30 மட்டுமே. குள்ளர் இனத்தானுக்கு மலைமேல் 70, சமவெளியில் 30. மனிதக் காலாளுக்குப் புல்வெளியில் 40, ஆழமற்ற நீரில் 20. நீரில் வாழும் மெர்மனுக்கு அந்த நீரிலேயே 60 கிடைக்கிறது. அவனைக் கரைக்கு இழுத்து வந்தால் 30 ஆகிவிடுகிறது.

இந்த எண்களை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை; கேட்டால் திரை சொல்லும். மனத்தில் இருத்த வேண்டியது வேறொன்று. அடிப்பவனும் ஏதோ ஒரு கட்டத்தில் நின்றுதான் அடிக்க வேண்டும். ஆகையால் உங்கள் வீரனுக்கு நல்ல இடத்தைத் தேடுவது பாதி வேலைதான். அவனை அடிக்க வருகிற எதிரி எந்த இடத்தில் நிற்க நேரும் என்று பார்ப்பதே மற்றப் பாதி. ஆற்றங்கரையில் உங்கள் காலாட்படையை நிறுத்தினால், எதிர்க்கரையிலிருந்து வரும் ஓர்க் வீரர்கள் தண்ணீருக்குள் நின்றுகொண்டு போரிட வேண்டியிருக்கும். அந்த முறையில் அவர்கள் அடித்துவிட்டுப் போகட்டும், அடுத்த முறை உங்களுடையது, அப்போது உங்கள் அடி நூற்றுக்கு 80 விழுக்காடு விழும். ஆற்றைக் கடந்து முன்னேறி வீரம் காட்ட வேண்டும் என்று துடிக்கிற புதிய ஆட்டக்காரர், அதே தண்ணீரில் தம் சேனையை இறக்கி நாசம் செய்துவிட்டு, தாயக்கட்டை தமக்கு விரோதமாக உருண்டது என்று எண்ணிக்கொள்கிறார்.

இனிப் பொழுது. நம் இலக்கண நூலார் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று ஒருசேர வைத்தார்கள். ஒரு நாளை ஆறு சிறுபொழுதுகளாகப் பகுத்தார்கள். இந்த ஆட்டத்திலும் ஒரு நாள் ஆறு முறைகளாகவே பகுக்கப்பட்டிருப்பதை முதன்முதல் கண்டபோது எனக்கு உண்டான மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது. வைகறை, முற்பகல், பிற்பகல், அந்தி, முதல் யாமம், இரண்டாம் யாமம் என்று அவை மாறி மாறி வரும். மனிதர் முதலிய ஒளிவழி இனத்தார் பகற்பொழுது இரண்டிலும் 25 சதவீதம் அதிகமாக அடிப்பார்கள். இரவு இரண்டிலும் அவ்வளவே குறைவாக அடிப்பார்கள். ஓர்க்குகளுக்கும் பிணப்படைகளுக்கும் இது தலைகீழ். எல்ஃப் போர்வீரர் போன்ற நடுநிலையாளருக்கு இரவும் பகலும் ஒன்றே. வைகறையும் அந்தியும் எவருக்கும் சார்பில்லாதவை. பகலில் காக்கை கூகையை வெல்லும் என்பதைக் காலமறிதல் அதிகாரத்தில் படித்திருப்பவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம்.

25 சதவீதம் என்பது சொல்லும்போது சிறிதாகத் தோன்றும். எண்ணிப் பார்த்தால் அதன் கனம் தெரியும். மந்திரவாதி ஒருவனுடைய அக்கினிப் பிரயோகம் அடிக்கு 7 வீதம் மூன்று அடிகள். பகலில் அந்த 7 ஒன்பதாகிறது, இரவில் ஐந்தாகிறது. மூன்று அடியும் பலித்தால் பகலில் 27, இரவில் 15. ஓர்க் காலாளின் வாளோ அடிக்கு 9 வீதம் இரண்டு. இரவில் அது 11, பகலில் 7. ஆகவே பிற்பகலில் எதிரியை விரட்டிக்கொண்டு போய், அந்தியில் அவனுடைய எல்லையில் நின்று, முதல் யாமத்தில் அவன் கையில் அகப்படுவதுதான் புதியவர்கள் செய்கிற மிகப் பெரிய பிழை. திரையின் வலப்பக்கப் பலகையில் பொழுதைக் காட்டும் சிறு படம் எப்போதும் இருக்கிறது. ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும், வீரர்களைத் தொடுவதற்கு முன்னால், அந்தப் படத்தைப் பார்த்து, இன்னும் எத்தனை முறைகளில் அந்தி வரும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு இரண்டு முறை முன்பே பின்வாங்கத் தொடங்கி, குன்றிலோ கோட்டையிலோ ஒதுங்கி, இரவு முழுவதும் தாங்கி நின்று, வைகறையில் திருப்பியடிப்பது இந்த ஆட்டத்தின் மிக அழகிய சந்தமென்று நான் கருதுகிறேன். கணினி நடத்தும் எதிராளி பின்வாங்குவதில் அவ்வளவாக நாட்டமில்லாதவன். பொழுது தனக்குப் பாதகமாக இருந்தாலும் பாய்ந்து வருவான். அவனை வெல்வதற்கு அது ஒன்றே பல சமயங்களில் போதும்.

தாக்குதல் சாளரத்துக்கு வருவோம். எதிரியின்மேல் சொடுக்கியவுடன் திறக்கும் இந்தச் சாளரத்தில், உங்கள் வீரனிடமுள்ள ஆயுதங்கள் வரிசையாகவும், ஒவ்வொன்றுக்கும் எதிரே பகைவன் எந்த ஆயுதத்தால் பதிலடி கொடுப்பான் என்பதும் காட்டப்படும். கைகலப்பு ஆயுதத்துக்குக் கைகலப்பு ஆயுதமும், தொலைவு ஆயுதத்துக்குத் தொலைவு ஆயுதமுமே விடை சொல்ல முடியும் என்பது விதி. வில்லில்லாத ஓர்க் காலாளை எல்ஃப் வில்லாளி அம்பால் அடித்தால் பதிலடி கிடையாது. வாளால் அடித்தால் உண்டு. கணினி தனக்குச் சிறந்ததென்று படுகிற ஆயுதத்தை முன்கூட்டியே தேர்ந்து வைத்திருக்கும். அவசரக்காரர் உடனே ஒப்புதல் விசையைத் தட்டிவிடுவார். கணினியின் தேர்வு பெரும்பாலும் தவறாது. ஆனால் உங்கள் உத்தேசம் அதற்குத் தெரியாது. பகைவனைக் கொன்றே தீர வேண்டுமா, அடிபடாமல் சிறிது காயப்படுத்தினால் போதுமா என்பதை நீங்கள்தான் அறிவீர்கள்.

இந்தச் சாளரத்தில் சேதக் கணக்கீடு என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பல மாதம் ஆடியவர்களிலும் சிலர் இதை அழுத்திப் பார்த்ததில்லை என்று அறிந்து நான் வியந்திருக்கிறேன். இதைத் திறந்தால், போர் முடிந்தபின் இரு தரப்பாருக்கும் எவ்வளவு உயிர் மிஞ்சக்கூடும், ஒவ்வொன்றுக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்பது முழுவதும் விரிவாகத் தெரியும். எலும்புக்கூட்டு வீரன்மேல் ஈட்டி ஏன் பயன்படவில்லை என்பதும் இங்கேதான் விளங்கும். குத்தும் ஆயுதங்களை அவன் 60 சதவீதம் தாங்குகிறான். 7 என்றிருக்கும் ஈட்டியடி அவனிடம் 3 ஆகச் சுருங்கிவிடுகிறது. கதையாலும் நெருப்பாலும் அடித்தாலோ 20 சதவீதம் அதிகமாக நொறுங்குகிறான். இந்த எதிர்ப்பாற்றல் விவரத்தைச் சண்டைக்கு முன்பே அறிய வேண்டுமானால், வலப்பக்கப் பலகையில் உயிர்ப்புள்ளிகள்மேல் சுட்டியை நிறுத்துங்கள். ஒரு சிறு குறிப்பு விரியும். இப்படி ஒரு குறிப்பு அங்கே ஒளிந்திருப்பதை எவரும் சொல்லாமல் ஊகிக்க முடியாது என்பது இடைமுகத்தின் உண்மையான குறையே. ஆட்டத்தின் பாதித் தந்திரம் அந்தக் குறிப்பில் இருக்கும்போது, அதை இன்னும் வெளிப்படையாக வைத்திருக்க வேண்டும்.

அடி தவறுவதைப் பற்றிய புலம்பலுக்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். நூற்றுக்கு 60 பாதுகாப்புள்ள இடத்தில் நிற்கும் எதிரியை நான்கு முறை அடிக்கும் எல்ஃப் வீரனுக்கு, நான்கும் தவறுவதற்கு ஏறக்குறைய 13 சதவீத வாய்ப்பு உண்டு. அதாவது எட்டுத் தடவைகளில் ஒரு தடவை அது நடந்தே தீரும். ஒரு போரில் இத்தகைய தாக்குதல் நாற்பது நடக்குமானால், ஐந்து முறை நீங்கள் தலையில் கை வைத்துக்கொள்வது இயற்கையின் நியதி. மந்திரப் பிரயோகத்துக்கோ எந்த நிலத்திலும் 70 சதவீதம் உறுதி. மூன்றும் தவறும் வாய்ப்பு 3 சதவீதத்துக்கும் குறைவு, குறைந்தது இரண்டு பலிக்கும் வாய்ப்பு 78 சதவீதம். கோட்டைக்குள்ளோ காட்டுக்குள்ளோ பதுங்கியவனை வெளியேற்ற மந்திரவாதி ஏன் இன்றியமையாதவன் என்பதும், அவனை விலைக்கு எடுக்க 20 பொன் கேட்பது ஏன் நியாயம் என்பதும் இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும். உங்களுக்கு மட்டும் அதிருஷ்டம் கெட்டிருக்கிறதோ என்ற சந்தேகம் வலுத்தால், புள்ளிவிவரச் சாளரத்தைத் திறந்து, எதிர்பார்த்த சேதமும் உண்மையில் நேர்ந்த சேதமும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதைப் பாருங்கள். நான் கோபத்தோடு அதைத் திறந்த நாட்களில் பெரும்பாலும் இரண்டும் அருகருகேதான் இருந்தன.

ஆகவே ஒரே அடியை நம்பித் திட்டமிடாதீர்கள். இவன் தவறினால் அவன், அவனும் தவறினால் இன்னொருவன் என்று மூன்றாவது மனிதனையும் தயாராக வைத்துக்கொண்டே முதல் தாக்குதலைத் தொடங்க வேண்டும். அடுத்த நிலைக்கு உயரும் தறுவாயில் இருப்பவனை எப்போது அடிக்க விடுவது என்பதும் இதனோடு சேர்ந்தது. போரிட்டாலே எதிரியின் நிலை எவ்வளவோ அவ்வளவு அனுபவம் கிடைக்கும்; கொன்றாலோ அதன் எட்டு மடங்கு. நிலை உயர்ந்த மாத்திரத்தில் காயமெல்லாம் ஆறிப் புது உயிரோடு நிற்பான். எனவே பழையவர்களைக் கொண்டு பகைவனை நலிய அடித்துவிட்டு, இறுதி அடியை இளையவனுக்கு விட்டுக்கொடுப்பது நல்ல சேனாபதியின் லட்சணம்.

இனி இந்த ஆட்டத்தில் எனக்கு மிகவும் பிரியமான பகுதிக்கு வருகிறேன். ஒவ்வொரு வீரனும் தன்னைச் சுற்றியுள்ள ஆறு கட்டங்களிலும் ஓர் ஆதிக்கம் செலுத்துகிறான். பகைவன் அந்தக் கட்டங்களில் ஒன்றில் காலை வைத்தவுடன் அவனுடைய நடை அந்த முறைக்கு அதோடு முடிந்துவிடும். பூஜ்ய நிலையிலுள்ள அற்பப் படைகளுக்கு இந்த ஆதிக்கம் இல்லை. ஊடுருவிப் போகும் திறமை பெற்ற சிலரை இது தடுப்பதுமில்லை. மற்றவர்களுக்கெல்லாம் இது கண்ணுக்குத் தெரியாத வேலி. இரண்டு வீரர்களுக்கு நடுவே இரண்டு காலிக் கட்டங்களை விட்டு நிறுத்தினாலும், எதிரி அந்த இடைவெளியில் புகுந்து அப்பால் ஓடிவிட முடியாது. மூன்று பேரைக் கொண்டு ஏழு கட்ட அகலத்தையும், நான்கு பேரைக் கொண்டு பத்துக் கட்ட அகலத்தையும் அடைத்துவிடலாம். ஆடுபுலி ஆட்டத்தில் ஆடுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் புலியின் வழியை அடைத்துப் பழகியவர்களுக்கு இந்த ரசம் உடனே பிடிபடும். ஆனால் அகலத்துக்கு விலை உண்டு. தோளோடு தோள் ஒட்டி நேர்வரிசையில் நிற்பவனை முன்னாலிருந்து இருவர் மட்டுமே தாக்க முடியும். இடைவெளி விட்டு நிற்பவனை நால்வர் தாக்கலாம். பகலில் அகல நிற்பதும், இரவில் நெருங்கி நிற்பதும், நடுவில் மலையோ ஆறோ இருந்தால் அதையே வேலியின் ஓர் உறுப்பாகக் கொள்வதும் பழக்கத்தால் கைவர வேண்டியவை.

இந்த வேலியைத் திரை கோடு போட்டுக் காட்டுவதில்லை. ஆனால் அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஓர் அருமையான வழி இருக்கிறது. கன்ட்ரோல் விசையோடு ‘வி’ என்னும் விசையை அழுத்தினால், உங்கள் வீரர்கள் இப்போது நிற்கும் நிலையை அனுசரித்து, எதிரிகள் அடுத்த முறையில் எங்கெங்கே வரக்கூடும் என்பது களத்தில் தெரியும். என் வழக்கம் இது: எல்லோரையும் நகர்த்தி முடித்தபின், முறையை முடிக்கும் ஆணையைக் கொடுக்குமுன், இந்த விசையை ஒரு தடவை அழுத்துவேன். என் வரிசைக்குப் பின்னால் ஒரு கட்டமேனும் எதிரியின் கைக்கு எட்டுவதாகத் தெரிந்தால், வேலியில் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். நடை மிச்சமுள்ள யாரையாவது ஓரடி நகர்த்தி அதை அடைத்துவிடுவேன். காயம்பட்ட வைத்தியனும், உயிர் போனால் ஆட்டமே போகிற தலைவனும் பெரும்பாலும் அந்தப் பின்வரிசையில்தான் இருப்பார்கள். இந்த ஒரு பழக்கத்தால் நான் காப்பாற்றிக்கொண்ட படைகள் எத்தனையோ.

செய்ததை மாற்றும் விஷயம் அடுத்தது. ஒரு வீரனைத் தேர்ந்து, ஒரு கட்டத்தைச் சொடுக்கினால், போகலாமா என்று கேளாமலே அவன் புறப்பட்டுவிடுவான். ‘யு’ விசையை அழுத்தினால் திரும்பி வந்துவிடுவான் என்பது உண்மையே. ஆனால் அவன் போன வழியில், காணாத இடங்களை மறைத்திருக்கும் மூடுபனி விலகிப் புதிதாக ஏதேனும் தெரிந்துவிட்டாலும், ஓர் அடி அடித்துவிட்டாலும் திரும்பி வர வழியில்லை. இதைக் கொடுமை என்று சொல்பவர்கள் உண்டு. நான் அவ்வாறு கருதவில்லை. கண்டதைக் காணாததாக்க முடியாது. வேவு பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பி, பார்க்கவேயில்லை என்று சொல்ல அனுமதித்தால் மூடுபனிக்கே அர்த்தமில்லாமற் போகும். இதற்கு மருந்து வரிசைமுறையில் இருக்கிறது. பனியை விலக்கும் வேகமான சாரணனை முதலில் அனுப்புங்கள். அவன் கண்டதைக் கொண்டு மற்றவர்களை நகர்த்துங்கள். சண்டையிடாதவர்களின் நகர்வுகளைத் தாக்குதலுக்கு முன்னால் தீர்மானித்துவிடாமல், அடியின் பலனைப் பார்த்தபின் நகர்த்துங்கள். 1.10 பதிப்பிலிருந்து திட்டமிடும் முறை ஒன்றும் உண்டு. ‘பி’ விசையால் அதை எழுப்பினால், நகர்வுகளை நிழலாக வரைந்து பார்த்து, திருப்தியானபின் நிறைவேற்றலாம். சிக்கலான முற்றுகைகளில் அது உதவும். சாதாரணப் போரில் எனக்கு அது அவசியமாகப் படவில்லை.

உண்மையாகவே அஞ்ச வேண்டியது நெடுவழி ஆணை. ஒரே முறையில் எட்ட முடியாத தொலைவிலுள்ள கட்டத்தைச் சொடுக்கினால், வீரன் இன்று போக முடிந்தவரை போய், மறுமுறையின் தொடக்கத்தில் நீங்கள் நிலைமையைப் பார்ப்பதற்கு முன்பே தானாக மீதி வழியை நடக்கத் தொடங்கிவிடுவான். பல போர்களில் வளர்த்து வெள்ளை மந்திரவாதியாக உயர்த்திய ஒருத்தியை, தூரத்துக் கிராமம் ஒன்றைக் குறித்து அனுப்பிவிட்டு, தென்முனைப் போரில் மூழ்கி அவளை மறந்தேன். இடையில் பொழுது இரவாகி, ஓர்க்குகள் கிழக்கே திரும்பியிருந்தார்கள். அவளோ நான் இட்ட ஆணையை நிறைவேற்ற அவர்களுடைய நடுவே நடந்து போய் நின்றாள். அந்த வருத்தம் எனக்கு இன்றும் மாறவில்லை. பகைவர் உள்ள களத்தில் நெடுவழி ஆணை கொடுக்கவே கூடாது என்பது அன்று முதல் நான் தவறாமல் கடைப்பிடிக்கும் விதி. உங்களுக்கும் அதையே வற்புறுத்துகிறேன். மறந்துபோனவர்களைத் தேட ‘என்’ விசை உதவும். அது இன்னும் ஆணை பெறாத வீரரை ஒருவர்பின் ஒருவராகக் காட்டும். உயிர்ப்பட்டைக்கு மேலுள்ள சிறு உருண்டை பச்சையாக இருந்தால் அவர் இன்னும் நகரவில்லை, மஞ்சளானால் சிறிது மிச்சமுண்டு, சிவந்துவிட்டால் வேலை முடிந்தது.

பொன்னைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். கைப்பற்றிய ஒவ்வொரு கிராமமும் வருமானம் தரும். படையைப் போஷிக்கும் செலவில் ஒரு பங்கையும் ஏற்கும். அங்கே தங்கியவனுக்கு முறைக்கு 8 உயிர் ஆற்றும். கதைத்தொடர்களில் முந்தைய போரில் பிழைத்தவரைத் திரும்ப அழைக்க, அவர் எந்த நிலையில் இருந்தாலும் 20 பொன்தான். மூன்றாம் நிலை வீரரை அந்த விலைக்கு அழைக்க முடிவது பெரும் லாபம் என்றாலும், அவருடைய போஷணைச் செலவு முறைக்கு 3 என்பதை மறக்கக் கூடாது. நீண்ட கதைகளில் அழைப்புப் பட்டியல் வளர்ந்து, ஒரே மாதிரியான பெயர்கள் கண்ணைக் குழப்பும். பட்டியலின் தலைப்புகளைச் சொடுக்கினால் நிலை, அனுபவம் முதலியவற்றின்படி வரிசை மாறும். அதைவிட நல்லது, உங்களுக்குப் பிரியமான வீரர்களுக்கு நீங்களே பெயர் சூட்டிவிடுவது. ஆட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. பெயரிட்டவனை யாரும் எளிதில் பலிகொடுத்துவிட மாட்டார்கள்.

ஒவ்வொரு முறையின் தொடக்கத்திலும் ஆட்டம் தானே ஒரு சேமிப்பை எழுதிவைக்கிறது. அடி தவறியபோதெல்லாம் அதைத் திறந்து மறுபடியும் அடித்துப் பார்க்கும் சபலம் எல்லோருக்கும் வரும். என் யோசனை வேறு. போர் தோற்றபின், எந்த முறையில் தோல்வி விதைக்கப்பட்டது என்று தேடி, அந்த முறையின் சேமிப்புக்குப் போங்கள். அது பெரும்பாலும் அடி தவறிய முறையாக இராது. அதற்கு மூன்று நான்கு முறைகளுக்கு முன்னால், அந்தி நெருங்கும்போது குன்றைவிட்டு இறங்கிய முறையாகவே இருக்கும். அங்கிருந்து மறுபடி ஆடினால் கல்வி; அடியை மட்டும் மாற்றினால் ஒன்றும் மிஞ்சாது.

புதியவர்கள் பயிற்சிப் பாடத்தை முடித்தவுடன், ‘இரு சகோதரர் கதை’ என்னும் சிறிய தொடரை ஆடிவிட்டு, பிறகு ‘அரியணைக்கு உரியவன்’ என்னும் பெரிய தொடருக்கு வரலாம். அதன் முதற்போரில், எல்ஃப்களால் வளர்க்கப்பட்ட கொன்ராட் என்னும் இளைஞனை, ஓர்க்குகள் சூழ்ந்த காட்டிலிருந்து வடமேற்கு மூலையிலுள்ள வழிகாட்டிப் பலகைக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அங்கே எதிரிகளை எல்லாம் கொல்ல வேண்டியதில்லை; போய்ச் சேர்ந்தால் போதும். இன்றிரவு அந்தப் போரைத் திறந்துகொள்ளுங்கள். முதல் முறையில் எவரையும் நகர்த்தாமல், கொன்ராடைத் தேர்ந்துகொண்டு, அவன் போகவேண்டிய வழியிலுள்ள ஒவ்வொரு கட்டத்தின்மேலும் சுட்டியை மெதுவாக ஓட்டி, எங்கே எண் உயர்கிறது, எங்கே தாழ்கிறது என்று பாருங்கள். பிறகு அருகிலுள்ள எல்ஃப் வீரன் ஒருவனுக்கும் அதே வழியை அப்படியே பாருங்கள். இரண்டு எண்களும் வேறுபடும் கட்டங்களைக் குறித்து வைத்துக்கொண்டு, அதன்பின் முதல் நகர்வைச் செய்யுங்கள்.